ஓட்டுநரின் கண் வழியே ஒரு பந்தயம்: எஃப்1 டிவியின் ஆன்போர்டு சேவை

2008ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத்தைப் பார்த்த எவரும் அதன் கடைசிச் சுற்றை மறந்திருக்க மாட்டார்கள். சொந்த நாட்டு மக்களின் முன்னால் பந்தயத்தை வென்ற ஃபெலிப்பே மாஸா சில நொடிகள் உலக சாம்பியனாகவே இருந்தார். அதற்குள் பின்னால் வந்துகொண்டிருந்த லூயிஸ் ஹாமில்டன், டொயோட்டா காரை ஓட்டிய டீமோ கிளாக்கை இறுதி வளைவுகளில் தாண்டி ஐந்தாம் இடத்தைப் பிடித்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைக் கொண்டுபோனார். கிளாக் வேண்டுமென்றே வழிவிட்டார் என்ற பழி அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது. ஆனால் அவருடைய காரில் பொருத்தியிருந்த கேமராவின் பதிவைப் பார்க்கும் எவரிடமும் அந்தப் பழி ஒரு நிமிடம்கூட நிற்காது. மழை வலுத்துவிட்ட தடத்தில், பெரும்பாலானவர்கள் ஈரத்துக்கான டயர்களுக்கு மாறிவிட்ட நிலையில், அவர் உலர்ந்த தடத்துக்கான டயர்களோடு போராடிக்கொண்டிருந்தார். கைகள் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஓயாமல் திருத்துகின்றன. கார் எந்தப் பக்கமும் நிற்க மறுக்கிறது. நேராகப் போவதற்கே திணறிக்கொண்டிருந்த ஒருவர் யாருக்கு வழிவிடுவது?

மைதானத்திலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்குத் தெரியாத ஒன்று, ஓட்டுநரின் தலைக்குச் சற்று மேலே இருந்த கேமராவுக்குத் தெரிந்திருந்தது. எஃப்1 டிவி என்ற சந்தா சேவையைப் பற்றி நான் எழுத முனைவதற்குக் காரணம் இதுதான். ஃபார்முலா 1 அமைப்பே 2018ஆம் ஆண்டு தொடங்கிய இந்தச் சேவையில் நேரலை, பழைய பந்தயங்களின் தொகுப்பு, நேர விவரங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு காருக்கும் தனிச் சேனல், அந்தச் சேனலில் அந்தக் காரின் கேமராக் காட்சி (இதைத்தான் ‘ஆன்போர்டு’ என்கிறார்கள்), அதோடு ஓட்டுநரும் அவருடைய இன்ஜினியரும் பேசிக்கொள்ளும் ரேடியோ என்ற ஒரே வசதிதான் என்னைச் சந்தாதாரராக வைத்திருக்கிறது. 2025 வரை இருபது கார்கள். 2026இல் கேடிலாக் அணியும் சேர்ந்ததால் இருபத்திரண்டு. உயர்நிலை மோட்டார் பந்தயத்தில் ஓட்டுநரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, பேட்டிகளும் நாடகத்தன்மை கூட்டிய ஆவணத் தொடர்களும் தராத ஒன்றை இது தருகிறது. எவ்வளவு தருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

பந்தயத்தில் ஓடும் காரிலிருந்து நேரலையாகப் படம் காட்டும் முயற்சி 1985இல் தொடங்கியது. அந்த ஆண்டு நூர்பர்க்ரிங்கில் நடந்த ஜெர்மன் பந்தயத்தில் ரெனோ அணி ஃபிரான்சுவா ஹெஸ்னோவுக்கு மூன்றாவது கார் ஒன்றைக் கொடுத்துக் கேமராவோடு ஓடவிட்டது. இன்று கேமரா இல்லாத காரே இல்லை. நமக்குப் பழக்கமானது ஓட்டுநரின் தலைக்குப் பின்னால், காற்று உள்ளே போகும் வாய்க்கு மேலே இருக்கும் கேமரா. அது தடத்தைத் தெளிவாகக் காட்டும்; ஆனால் ஓட்டுநரைவிட உயரத்தில் இருப்பதால் எல்லாவற்றையும் கொஞ்சம் எளிதாக்கிக் காட்டிவிடும். மேடு மேடாகத் தெரியாது. சரிவு சரிவாகத் தெரியாது. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓ ரூஷ் என்ற வளைவைத் தாண்டி ரெய்டியோன் என்ற ஏற்றத்தில் ஏறும்போது, ஓட்டுநருக்கு முன்னால் வானம் மட்டுமே தெரியும்; மேலிருக்கும் கேமராவிலோ அது ஒரு சாதாரண வளைவுபோல ஓடி முடிந்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்த்தது ஹெல்மெட்டுக்குள் வைக்கும் சின்னஞ்சிறு கேமரா. கண்ணுக்குப் பக்கவாட்டில், ஹெல்மெட்டின் உள் மெத்தையில் அதைப் பதித்துவிடுகிறார்கள். 2021இல் ஃபெர்னாண்டோ அலோன்சோவின் ஹெல்மெட்டில் சோதித்துப் பார்த்து, 2023 முதல் எல்லா ஓட்டுநருக்கும் கட்டாயமாக்கினார்கள். பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிப்பது தகுதிச் சுற்று. இந்தக் கேமரா வழியாக மொனாக்கோவின் தகுதிச் சுற்று ஒன்றைப் பார்த்த நாளில்தான், இத்தனை ஆண்டுகள் நான் வேறு ஏதோ ஒரு விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உணர்ந்தேன்.

அந்தச் சுற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மொனாக்கோ தடத்தின் நீளம் 3.337 கிலோமீட்டர்தான். ஓட்டுநர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில், கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க, தரையோடு தரையாக அமர்ந்திருக்கிறார். அவருடைய பார்வைக்கு நடுவில் ஹேலோ எனும் பாதுகாப்பு வளையத்தின் தூண் நிற்கிறது. இரண்டு கண்களும் சேர்ந்து பார்ப்பதால் அது தமக்கு உறுத்துவதே இல்லை என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள், ஒற்றைக் கேமராவுக்கு அந்த வசதி இல்லாததால் நமக்கு அது தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் முன்சக்கரங்களின் மேல்விளிம்புகள் தெரிகின்றன. அதற்கு மேல் தெரிவது வேலிதான். வளைவின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்பது பல இடங்களில் அவருக்குத் தெரியவே தெரியாது. மலைமேல் ஏறி கசினோ சதுக்கத்துக்குள் நுழையும்போது, வேலி அவரை நோக்கி வருகிறது. அவர் அதை நோக்கியே காரைத் திருப்புகிறார். டயரின் பக்கச்சுவர் வேலியை உரசுமளவுக்கு அருகே போய் விலகுகிறது. சுரங்கப்பாதைக்குள் நுழையும் கணத்தில் படம் முழுவதும் இருண்டு, பிறகு செயற்கை வெளிச்சத்துக்குப் பழகுகிறது. வெளியே வரும் வாயில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விரிந்து கண்ணைக் கூசச் செய்கிறது. அந்த வெள்ளைக்குள்தான், பாதை இறங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சுற்றின் மிகக் கடுமையான பிரேக்கைப் பிடித்தாக வேண்டும். கேமராவின் கண்ணுக்கே இத்தனை திண்டாட்டம் என்றால் மனிதக் கண் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார்க்கலாம். பந்தயத்தில் இதை 78 முறை செய்கிறார்கள்.

முகத்தைவிடக் கைகளைப் பாருங்கள் என்று புதிதாகப் பார்க்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். ஸ்டீயரிங் என்று பழக்கத்தால் அழைக்கிறோம். உண்மையில் அது கையில் பிடித்திருக்கும் ஒரு கட்டுப்பாட்டு மேசை. இருபதுக்கும் மேற்பட்ட பொத்தான்களும் திருகிகளும் அதில் இருக்கின்றன. பின்பக்கம் கியரையும் கிளட்சையும் இயக்கும் துடுப்புகள். முன், பின் சக்கரங்களுக்கு இடையே பிரேக்கின் விகிதத்தை மாற்றும் திருகி, வளைவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் பின்சக்கரங்கள் எப்படிச் சுழல வேண்டும் என்று தீர்மானிக்கும் டிஃபரன்ஷியல் திருகிகள், பேட்டரியின் மின்சாரத்தை எங்கே செலவிடுவது என்பதற்கான தேர்வுகள், ரேடியோ பொத்தான், குடிநீர் பொத்தான், டயர் மாற்ற ஒதுங்கும் ‘பிட்’ பாதையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தான் என்று எல்லாமே கட்டைவிரல் எட்டும் தூரத்தில். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குப் போகும் இரண்டு மூன்று நொடிகளில் இடது கட்டைவிரல் ஒரு திருகியை இரண்டு நிலை தள்ளுகிறது. அடுத்த வளைவு முடிந்ததும் அதே விரல் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. கண் கீழே போவதே இல்லை. முதன்மை ஒளிபரப்பில் இது ஒருபோதும் கவனத்துக்கு வராது. தனிச் சேனலில் பத்துச் சுற்றுகள் தொடர்ந்து பார்த்தால், எந்தெந்த வளைவுக்கு முன்னால் எந்த விரல் அசையும் என்று நமக்கே மனப்பாடமாகிவிடும். காரோட்டுவதோடு கூடவே காரின் குணத்தை வளைவுக்கு வளைவு மாற்றியமைப்பதும் அவருடைய வேலை என்பது அப்போது விளங்கும்.

பழைய தொகுப்புகளில் அயர்ட்டன் சென்னாவின் மொனாக்கோ சுற்றைத் தேடிப் பாருங்கள். 1990இல் மெக்லாரன் காரில் கையால் மாற்றும் கியர்தான். பாதி நேரம் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, வலது கை கியர்த் தண்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும். இன்றைய கைகள் அசையாமல் இருப்பதுபோலத் தோன்றுகின்றன. அன்றைய கை எங்கே இருந்ததோ அங்கே இன்று மூளை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரண்டு காலத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிவது இந்தத் தொகுப்பின் பெரிய பயன்.

அடுத்தது ரேடியோ. முதன்மை ஒளிபரப்பில் நாம் கேட்பவை பொறுக்கியெடுத்த துண்டுகள்: கோபம், கொண்டாட்டம், புகார். 2012இல் அபுதாபியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த கிமி ரைக்கோனன், தன்னை விட்டுவிடும்படியும் தான் செய்வது தனக்குத் தெரியும் என்றும் இன்ஜினியரிடம் சொன்னது அப்படித்தான் உலகப் புகழ் பெற்றது. அதைக் கேட்டே பழகியவர்களுக்கு ரேடியோ என்பது சண்டைக்கான இடம் என்ற எண்ணம் வந்துவிடும். ஒரு முழுப் பந்தயத்தையும் ஒரே ஓட்டுநரின் சேனலில் கேட்டால் அந்த எண்ணம் கலைந்துவிடுகிறது. பெரும்பாலும் அங்கே இருப்பது அமைதி. ஒரே ஒரு குரல், அணியில் எத்தனையோ பேர் இருந்தாலும் ஓட்டுநரிடம் வழக்கமாகப் பேசும் அந்த ஒருவரின் குரல், நேர்ப்பாதை வரும்வரை காத்திருந்து பேசுகிறது. பின்னால் வருகிறவர் எத்தனை நொடியில் இருக்கிறார், அவர் எந்த டயரில் ஓடுகிறார், எந்த வளைவில் நேரம் போகிறது என்ற மூன்று செய்திகள். ஓட்டுநரின் பதில் பெரும்பாலும் ஒரே சொல். சில சமயம் பதிலே இல்லாமல் மூச்சு மட்டும் கேட்கும். வளைவுக்குள் இருக்கும்போது இன்ஜினியர் வாய் திறந்துவிட்டால் வரும் எரிச்சலையும் கேட்கலாம். அது முரட்டுத்தனத்தால் வருவதில்லை, உடலின் எடையைப்போலப் பல மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும்போது ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வதே பெரும்பாடு.

இந்த உறவைக் காதால் தொடர்வதுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஹாமில்டனும் பீட்டர் போனிங்டனும் மெர்சிடிஸில் பேசிக்கொண்ட விதமும், மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் ஜான்பியரோ லாம்பியாஸேவும் வாதாடிக்கொள்ளும் விதமும் முற்றிலும் வேறு. முதலாவதில் ஆறுதல் சொல்லும் தொனி. இரண்டாவதில் ஒளிவுமறைவு இல்லாத கறார். டயர் முடிந்துவிட்டது என்று ஓட்டுநர் புலம்புவதும், அதே டயரில் அடுத்த சுற்றிலேயே வேகமான நேரத்தைப் பதிவு செய்வதும் சாதாரணம்; இன்ஜினியருக்கு அது தெரியும், பதற்றமில்லாமல் அடுத்த எண்ணைச் சொல்வார். ஒவ்வோர் அணியின் ரேடியோவையும் மற்ற அணிகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பதையும் மனதில் வைக்க வேண்டும். திட்டம் ‘ஏ’, திட்டம் ‘பி’ என்று வருவதெல்லாம் அதனால்தான். அவர்கள் சொல்வது உண்மைத் தகவலா, எதிராளிக்காக வீசிய தூண்டிலா என்று ஊகிப்பதில் ஒரு மதியப்பொழுதே போய்விடும்.

சில உரையாடல்களைக் கேட்கும்போது மனம் கனக்கும். 2010 ஜூலை 25 அன்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் மாஸா முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார்; அவருடைய அணித்தோழர் அலோன்சோ பின்னால் வந்துகொண்டிருந்தார். சரியாக ஓராண்டுக்கு முன்பு இதே நாளில்தான், ஹங்கேரியில், முன்னால் போன காரிலிருந்து கழன்று வந்த ஒரு ஸ்பிரிங் அவருடைய ஹெல்மெட்டைத் தாக்கி, அவர் உயிர் பிழைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. மீண்டு வந்து ஒரு வெற்றியை நெருங்கிய அந்த நேரத்தில், அலோன்சோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், இந்தச் செய்தி புரிந்ததா என்று அவருடைய இன்ஜினியர் ராப் ஸ்மெட்லி கேட்டார். ஒரு சொல்லில்கூட ‘வழிவிடு’ என்ற கட்டளை இல்லை. அணிக் கட்டளைக்கு அப்போது தடை இருந்தது. மாஸா வழிவிட்டார். அணிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அந்தத் தடை விதியும் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது. மாறாக 2013இல் மலேசியாவில், அணியின் கட்டளையை மீறி செபாஸ்டியன் வெட்டல் தன் அணித்தோழர் மார்க் வெப்பரைத் தாண்டிச் சென்று வென்றார். ஓட்டுநர் சம்பளம் வாங்கும் ஊழியரா, தனக்காகப் போட்டியிடும் வீரரா என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் முடிவான விடை சொல்லவில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் ரேடியோவில் அது யாரோ இருவருக்கிடையே புதிதாக எழுகிறது.

இந்தச் சேவையை எடுத்தவர்கள் முதலிடத்தில் ஓடுகிறவரின் சேனலையே வைத்துக்கொண்டிருப்பது வீண் என்பேன். அவருக்கு முன்னால் காலியான தடம். பதினான்காம் இடத்துக்குப் போங்கள். முன்னால் ஒரு கார், அதன் கலங்கிய காற்றில் தன் காரின் பிடிமானம் குறைவது, டயர் சூடேறுவது, பின்னால் இன்னொருவர் நெருங்குவது, தலைமைக் கார்கள் ஒரு சுற்று முந்தி வரும்போது நீலக்கொடிக்கு ஒதுங்குவது என எல்லாமே அங்கேதான் நடக்கின்றன. நீலக்கொடி கண்டும் ஒதுங்காமல் இருந்தால் தண்டனை. ஒதுங்கும்போது சுத்தமான தடத்தை விட்டு டயர்த் துகள்கள் கிடக்கும் பகுதிக்குப் போவதால், அடுத்த இரண்டு வளைவுகளில் தன் சொந்தப் போட்டியில் நேரம் இழப்பு. இதை ஒரு பந்தயத்தில் எட்டுப் பத்து முறை செய்கிற ஒருவருடைய பொறுமையை எந்தப் புள்ளிப்பட்டியலும் காட்டாது.

நம் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் காரிலும், பிறகு 2011, 2012இல் எச்ஆர்டி காரிலும் ஓட்டியபோது இப்படி ஒரு சேனல் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். எச்ஆர்டியோடு அவர் ஓடிய பந்தயங்களில் தொலைக்காட்சி அவரைக் காட்டியது பெரும்பாலும் யாரோ அவரைத் தாண்டும்போது மட்டுமே. தகுதிச் சுற்றில் முதலிடத்தின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் வராவிட்டால் பந்தயத்தில் நிற்கவே முடியாது என்ற விதியோடு, அதற்குள் வரவே திணறிய காரை வைத்துக்கொண்டு, அவர் தகுதிச் சுற்று நடக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னவெல்லாம் செய்தார் என்பதை நாம் பார்க்கவே இல்லை.

கேமரா எங்கே தோற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு எடை தெரியாது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரும் கார் சுமார் மூன்று நொடிக்குள் 100க்குக் கீழே இறங்கும்போது, இடது கால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு பிரேக்கை மிதிக்கிறது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்த ஆறேழு கிலோ எடை, ஐந்து ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல ஐந்து மடங்கு, அளவுக்கு விசை ஏறும் வளைவில் முப்பது கிலோவைத் தாண்டிக் கழுத்தை ஒரு பக்கமாக இழுக்கிறது. திரையில் இவை எதுவும் இல்லை. தலை கொஞ்சம் சாய்வது தெரியும், அவ்வளவுதான். படம் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு சீராக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது பொய் சொல்கிறது என்றுகூடச் சொல்லலாம். 2022இல் கார்களின் வடிவம் மாறியபோது நேர்ப்பாதைகளில் அவை துள்ளத் தொடங்கின. அந்த ஆண்டு பாகூ பந்தயத்தில் ஹெல்மெட்டுகள் ஆணி அடிப்பதுபோல மேலும் கீழும் குதித்ததை ஆன்போர்டு காட்சிகள் காட்டின. அந்த ஒருமுறை கேமராவால் வலியைக் காட்ட முடிந்தது. நான்காம் இடத்தில் முடித்த ஹாமில்டன் முதுகைப் பிடித்தபடி காரிலிருந்து இறங்கச் சிரமப்பட்டார். அதன் பிறகுதான் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏ துள்ளலுக்கு அளவு வைத்தது.

வெப்பமும் அப்படித்தான். சிங்கப்பூர் பந்தயம் இன்றைய அமைப்பில் 62 சுற்றுகள், சுற்றுக்கு 19 வளைவுகள். பெருக்கினால் 1178 வளைவுகள். ஓட்டுநர் இருக்கும் குழிக்குள் வெப்பம் 50 டிகிரியை எட்டும். இரண்டு மணிநேரத்தில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகவே போய்விடும். குடிக்க வைத்த நீரும் சூடாகி வெந்நீராகிவிடும். ஒரு முழு சிங்கப்பூர் பந்தயத்தை நடுவரிசை ஓட்டுநர் ஒருவரின் சேனலில், எழுந்திருக்காமல், பார்த்து முடித்தேன். நாற்பதாவது சுற்றைத் தாண்டியதும் அவருடைய ரேடியோப் பதில்கள் சுருங்குவதையும், பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குவதையும் கவனித்தேன். கைகளோ முதல் சுற்றில் திரும்பிய அதே புள்ளியில்தான் திரும்பிக்கொண்டிருந்தன. உடல் தளர்வதைக் குரல் காட்டிக்கொடுக்கிறது, கை காட்டிக்கொடுப்பதில்லை.

2023இல் கத்தார் பந்தயத்தில் எல்லை மீறிவிட்டது. டயர் பாதுகாப்பு குறித்த அச்சத்தால் ஒரு டயரை 18 சுற்றுகளுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று விதித்ததால், டயரைக் காப்பாற்ற மெதுவாகப் போகும் தேவை யாருக்கும் இல்லாமல் போய், 57 சுற்றுகளும் முழுவேக ஓட்டமாகிவிட்டன. எஸ்தபான் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். லோகன் சார்ஜன்ட் உடல்நிலை மோசமாகிப் பந்தயத்தை விட்டு விலகினார். இருக்கை சுடுகிறது, பிட்டுக்கு வரும்போது தண்ணீர் ஏதாவது ஊற்ற முடியுமா என்று அலோன்சோ ரேடியோவில் கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவர் அப்படிக் கேட்பதைக் காதால் கேட்டவர்கள், ஓட்டுநரைக் குளிரூட்டும் ஏற்பாடு காரில் வேண்டும் என்று பின்னர் விதி வந்தபோது வியந்திருக்க மாட்டார்கள். 2025இல் சிங்கப்பூரில்தான் ‘வெப்ப அபாயம்’ என்ற அறிவிப்பு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது.

மழையில் மட்டும் கேமரா உண்மையை அப்படியே சொல்லிவிடுகிறது. முன்னால் போகும் கார் வாரியிறைக்கும் நீர்த்திரைக்குள் ஹெல்மெட் கேமரா நுழைந்ததும், திரை முழுவதும் சாம்பல் நிறம். அதற்குள் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் துடிக்கிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பிரேக் பிடித்துவிட்டதா இல்லையா என்று எதுவும் தெரியாது. வளைவு எப்போது வரும் என்பதைக் கண்ணால் பார்க்காமல், எண்ணிக்கையாலும் என்ஜினின் ஓசையாலும் நினைவாலும் கணித்துத் திரும்புகிறார்கள். 2021இல் ஸ்பாவில், எல்லோரையும் மெதுவாக வழிநடத்தும் பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் மட்டும் ஓட்டிவிட்டுப் பாதிப் புள்ளிகளோடு பந்தயத்தை முடித்தபோது கோபப்பட்ட ரசிகர்களில் நானும் ஒருவன். அன்றைய ஆன்போர்டு காட்சிகளைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கோபம் போய்விட்டது. மழையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த பார்வையாளர்களுக்கு இழைத்த அநீதி வேறு விஷயம். ஓட்டுநர்களை அந்தச் சாம்பல் நிறத்துக்குள் அனுப்பாதது சரிதான்.

பெரிய விபத்து நேரும்போது, ஓட்டுநரின் நிலை தெரியும்வரை காட்சிகளை நிறுத்தி வைக்கிறார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமன் கிரோஸ்ஜானின் கார் இரண்டாகப் பிளந்து எரிந்தபோது, அவர் நெருப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்பது தெரிந்த பிறகே மறுகாட்சிகளைப் போட்டார்கள். ஓட்டுநரின் வாழ்க்கைக்குள் இவ்வளவு தூரம் நுழைய அனுமதிக்கும் ஒரு சேவைக்கு, எங்கே கதவைச் சாத்த வேண்டும் என்ற அறிவும் இருப்பதை நான் மதிக்கிறேன்.

ஓட்டுநரின் வாழ்க்கையில் கேமரா இயங்காத பகுதி ஒன்று இருக்கிறது, அதுதான் பெரியது. 2024, 2025 ஆண்டுகளில் ஆண்டுக்கு 24 பந்தயங்கள். அவற்றுக்கிடையே விமானப் பயணம், சிமுலேட்டரில் கழியும் நாட்கள், கழுத்துக்குத் தனிப் பயிற்சி, ஒவ்வொரு வேளை உணவிலும் எடைக் கணக்கு. ஓட்டுநருக்கும் இருக்கைக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை என்று ஒன்றை 2019இல் விதித்த பிறகுதான் உயரமானவர்கள் பட்டினி கிடக்கும் கொடுமை குறைந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அணியில் தன் இடம் நிலைக்குமா என்ற கவலை. 2025இல் லியம் லாசன் ரெட்புல் அணியில் இரண்டே பந்தயங்களுக்குப் பிறகு மாற்றப்பட்டார். 2019இல் அதே அணியிலிருந்து பாதி ஆண்டில் இறக்கிவிடப்பட்ட பியர் காஸ்லி, 2020இல் இத்தாலியின் மொன்சாவில் ஆல்ஃபா டவ்ரி காரில் வென்று, எல்லோரும் போன பிறகும் மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த ஓராண்டில் அவர் மனதில் ஓடியது என்ன என்று எந்த ஆன்போர்டு சேனலும் சொல்லாது. ஆனால் மொன்சாவின் கடைசிச் சுற்றுகளில், கார்லோஸ் சைன்ஸ் பின்னால் நெருங்கிக்கொண்டே வரும்போது, அவருடைய ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கமும் இல்லாததைப் பார்க்கலாம். பின்னணி தெரிந்தவருக்கு அந்தக் காட்சியின் கனமே வேறு.

நடைமுறையில் சில குறைகள். ஒளிபரப்பு உரிமைகளின் காரணமாக எல்லா நாடுகளிலும் எல்லா வசதியும் நேரலையாகக் கிடைப்பதில்லை. சந்தா எடுக்கும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தனிச் சேனலில் எந்தக் கோணம் வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நான் எப்போதும் விரும்புகிற ஹெல்மெட் கோணம் நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஒரே திரையில் பல படங்களை அடுக்கிப் பார்க்கும் வசதி 2025இல் வந்த உயர்நிலைச் சந்தாவில் இருக்கிறது. கார் சேனலையும் முதன்மை ஒளிபரப்பையும் சேர்த்துப் பார்க்க அது உதவும், என்றாலும் முதல்முறை பார்க்கிறவருக்கு அது குழப்பத்தையே கூட்டும். பந்தயத்தை ஒருமுறை வழக்கம்போலப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரே ஓட்டுநரின் சேனலில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பதுதான் நான் கண்ட நல்ல வழி. ரேடியோவின் கலைச்சொற்களுக்கு இரண்டு மூன்று பந்தயங்களில் காது பழகிவிடும். ‘பாக்ஸ்’ என்றால் பிட்டுக்கு வா. ‘லிஃப்ட் அண்ட் கோஸ்ட்’ என்றால் பிரேக் புள்ளிக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எரிபொருளைச் சேமி. இந்தப் பின்னதைக் கேட்ட பிறகு என்ஜின் ஓசையைக் கவனித்தால், ஒவ்வொரு நேர்ப்பாதையின் முடிவிலும் ஒலி சற்று முன்னதாகவே அடங்குவது தெளிவாகக் கேட்கும்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். கொடி விழுந்ததும் சேனலை மாற்றிவிடாமல், பிட்டுக்குத் திரும்பும் அந்தச் சுற்று முழுவதையும் பாருங்கள். பதினாறாம் இடத்தில் முடித்தவரின் இன்ஜினியர் எந்தத் திருகியை எந்த நிலைக்கு மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொல்வார். பந்தயத்துக்குப் பிந்தைய எடைச் சோதனைக்காகக் காரின் எடை கொஞ்சம் கூடட்டும் என்று தடத்தோரம் கிடக்கும் ரப்பர் துகள்கள்மேல் ஓட்டச் சொல்வார். ஓட்டுநர் ஒவ்வொன்றாகச் செய்வார். பிறகு பேச்சு நிற்கும். ஸ்டீயரிங்மேல் இருக்கும் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து மடங்கும். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி திறந்ததும் காற்றின் இரைச்சல் மைக்கில் புகும். பார்வையாளர் மேடையிலிருந்து யாரோ கையசைக்க, அதற்குப் பதிலாக அவரும் இடது கையை ஹேலோவுக்கு வெளியே நீட்டி அசைத்துவிட்டு, எடை பார்க்கும் இடத்தை நோக்கிக் காரைத் திருப்புவார்.